கொலையா செய்தேன், சாமி?



தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்திற்கு வருகிறவர்களில் பலர் மண்டியிட்டவுடன் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பெரிசா பாவம்னு எதுவும் இல்ல சாமி. கொலையா செஞ்சேன், களவா செஞ்சேன்?" எந்தப் பங்கில் எந்தக் குருவானவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பத்துக் கட்டளைகளை வைத்து ஆன்ம ஆய்வு செய்யும்போது, ஐந்தாம் கட்டளைக்கு வந்ததும் நாம் மூச்சு விடாமல் ஆறாம் கட்டளைக்குப் போய்விடுகிறோம். கொலை என்பது செய்தித்தாளில் வரும் யாரோ ஒருவன் செய்வது. நமக்கும் அதற்கும் என்ன?

பழங்காலத் திருஅவை அவ்வளவு எளிதாக யாரையும் ஆறாம் கட்டளைக்குப் போக விடவில்லை. அரசனையும் விடவில்லை, அரச கட்டளைக்குக் கீழ்ப்படிந்த போர்வீரனையும் விடவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதில் நாம் பெருமைப்படும் பக்கங்களும் உண்டு, தலைகுனியும் பக்கங்களும் உண்டு. இரண்டையும் வாசிப்போம்.

தெசலோனிக்கா என்றால் உங்களுக்கு உடனே புனித பவுலடியாரின் இரண்டு திருமுகங்கள் நினைவுக்கு வரும். அந்த நகரில்தான் கி.பி. 390-ஆம் ஆண்டில் இது நடந்தது. அங்கே படைத்தலைவராக இருந்தவர் பூதெரிக். கோத்து இனத்தவர். மக்களின் அபிமானத்துக்குரிய தேரோட்டி ஒருவனை, ஒழுக்கக் குற்றம் ஒன்றிற்காக அவர் சிறையில் அடைத்தார். தேரோட்டப் பந்தய நாள் வந்தது. 'எங்கள் ஆளை வெளியே விடு' என்று மக்கள் கேட்டார்கள். அவர் மறுத்தார். கூட்டம் பொங்கி எழுந்து அவரை அடித்தே கொன்றுவிட்டது. ஒரு பந்தயத்திற்காக ஓர் உயிர். இதை மறந்துவிட்டு மன்னனை மட்டும் திட்டுவது நியாயமல்ல.

பேரரசர் தியோடோசியுஸ் அப்போது இத்தாலியின் மிலான் நகரில் இருந்தார். திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர், பக்தி உள்ளவர், ஆனால் கோபம் வந்தால் கட்டுக்கு அடங்காதவர். செய்தி கேட்டதும் தண்டிக்க ஆணை அனுப்பினார். பிறகு மனம் மாறி, அந்த ஆணையை நிறுத்தும்படி இன்னொரு கடிதம் அனுப்பினார். முதல் கடிதம் முந்திக்கொண்டது. பந்தயத் திடலில் கூடியிருந்த மக்களைப் படைவீரர்கள் சூழ்ந்து வெட்டினார்கள். குற்றவாளி யார், வேடிக்கை பார்த்தவர் யார், வெளியூரிலிருந்து வந்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. இறந்தவர்கள் 7,000 பேர் என்று பிற்கால வரலாற்றாசிரியர் தியோடொரேட்டு எழுதுகிறார்.

எண்ணிக்கையை விட என் மனத்தைப் பிழிவது சோசோமன் என்ற மற்றொரு திருஅவை வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கும் செய்தி. இத்தனை தலை என்று படைவீரர்களுக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டிருந்ததாம். ஒரு வணிகரின் இரண்டு மகன்கள் அவர்கள் கையில் சிக்கினார்கள். தகப்பன் ஓடி வந்து, கையிலிருந்த பொன்னையெல்லாம் கொடுத்து, 'இவர்களை விட்டுவிட்டு என்னைக் கொல்லுங்கள்' என்று கெஞ்சினார். வீரர்கள் இரங்கினார்கள். ஆனாலும், 'இருவரையும் விட்டால் எங்கள் கணக்குக் குறையும். ஒருவனைத் தேர்ந்துகொள்' என்றார்கள். அந்தத் தகப்பன் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அழுதார். ஒருவனைத் தேர்ந்தால் மற்றவனைத் தன் வாயாலேயே சாவுக்குக் கொடுத்ததாகுமே! அவரால் முடியவில்லை. இருவரும் வெட்டப்பட்டார்கள்.

படைவீரனுக்கு அவர்கள் கணக்கில் இரண்டு. தகப்பனுக்கு அவர்கள் இரண்டல்ல. ஒருவன், மற்றும் ஒருவன்.

மிலான் நகர ஆயர் புனித அம்புரோசுக்குச் செய்தி வந்தது. பேரரசர் நகருக்குத் திரும்பும் முன்பே, உடல்நலம் சரியில்லை என்று சொல்லி அவர் ஊரை விட்டு வெளியேறினார். பிறகு ஒரு கடிதம் எழுதினார். எழுத்தரிடம் சொல்லி எழுதவைக்காமல், பேரரசர் மட்டும் படிக்கட்டும் என்று தம் கையாலேயே எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் நம்மிடம் உள்ளது. அதன் சாரம் இதுதான்: நீர் வந்து நின்றால் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது. மாசற்ற ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியவர் முன்னிலையில் ஆகாதது, பலரின் இரத்தத்தைச் சிந்தியவர் முன்னிலையில் எப்படி ஆகும்? உரியாவைக் கொல்வித்த தாவீது அரசர், இறைவாக்கினர் நாத்தான் சுட்டிக்காட்டியபோது தாம் பாவம் செய்ததை ஒப்புக்கொண்டார். நீரும் அப்படியே செய்ய வெட்கப்பட வேண்டாம்.

தாவீதின் பாவத்தோடு நம் மரபு இணைத்துப் பார்க்கும் திருப்பாடல்தான் 51. தவக்காலம் முழுவதும் நாம் பாடுகிறோமே, அதேதான்.

கோயில் வாசலில் அம்புரோசு கையை நீட்டிப் பேரரசரைத் தடுத்து நிறுத்துவது போன்ற ஓவியத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ரூபன்ஸ், வான் டைக் போன்ற பெரிய ஓவியர்கள் தீட்டியது. அப்படி ஒரு காட்சி நடந்திருக்காது என்பதே இன்றைய வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. எனக்கென்னவோ, வாசலில் கத்துவதைக் காட்டிலும் தனியே உட்கார்ந்து தன் கையால் எழுதிய அந்தக் கடிதத்திற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்று படுகிறது. அவமானப்படுத்துவது அல்ல, மனந்திரும்ப வழிவிடுவதே அவர் நோக்கம்.

தியோடோசியுஸ் வழியைப் பிடித்துக்கொண்டார். அரச உடைகளைக் களைந்து, கோயிலில் மக்கள் முன்னிலையில் அழுது மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது மீண்டும் நற்கருணைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்பது மரபு. 395-இல் அவர் இறந்தபோது அடக்கச் சடங்கில் மறையுரை ஆற்றியவர் அதே அம்புரோசு. அந்தத் தவறுக்காக வருந்தாமல் பேரரசர் ஒரு நாளையும் கழித்ததில்லை என்று அவர் சாட்சி சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தியோடோசியுஸ் வாளைத் தொடவில்லை. சம்பவம் நடந்தபோது அவர் பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்தார். உரோமைச் சட்டப்படி அவரை விசாரிக்க ஒரு நீதிமன்றமும் இல்லை. 'கொலையா செய்தேன்?' என்று அவரும் கேட்டிருக்கலாம், சட்டம் படித்த எவரும் அவரை மறுத்திருக்க முடியாது. வாயிலிருந்து வந்த ஒரு சொல், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு அம்புரோசு வைத்த பெயர் பாவம்.

நியாயத்திற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 388-இல், யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் இருந்த கல்லினிக்கும் என்ற ஊரில் யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கிறிஸ்தவர்கள் எரித்துவிட்டார்கள். ஆயரே அதைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. அதை ஆயர் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று ஆணையிட்டவர் இதே தியோடோசியுஸ். கூடாது என்று நெருக்கி அந்த ஆணையைத் திரும்பப் பெறவைத்தவர் இதே அம்புரோசு. அந்த வழக்கில் பேரரசர் பக்கமே நீதி இருந்தது. புனிதர்களின் வாழ்க்கையிலும் நாத்தான் வந்து நிற்க வேண்டிய நாள்கள் உண்டு.

சரி, பேரரசர் செய்தது படுகொலை. அதைப் பாவம் என்று சொல்வதில் என்ன பெரிது என்று கேட்கலாம். நியாயமான போரில், நாட்டைக் காக்க, ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கொல்கிறவன் நிலை என்ன?

இதற்கு அம்புரோசுக்குச் சில ஆண்டுகள் முன்பே பதில் எழுதியவர் புனித பெரிய பேசில். இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவின் ஆயர். இக்கோனியம் நகர ஆயர் அம்பிலோக்கியுஸ் மேய்ப்புப் பணியில் எழுந்த பல சந்தேகங்களைக் கேட்டு எழுத, பேசில் ஒவ்வொன்றாக விடை எழுதினார். அந்த விடைகள் பின்னர் கிழக்குத் திருஅவையின் சட்டங்களாகவே ஆயின. வேண்டுமென்றே கொலை செய்து மனம் வருந்துகிறவனுக்கு அவர் குறித்தது 20 ஆண்டுகள். முதல் 4 ஆண்டுகள் கோயிலுக்கு வெளியே, வாசலருகே நின்று அழுதுகொண்டு, உள்ளே போகிறவர்களிடம் 'எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டும். அடுத்த 5 ஆண்டுகள் இறைவார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு வெளியேற வேண்டும். பின்னர் 7 ஆண்டுகள் மண்டியிட்டு வேண்டுவோர் வரிசையில். கடைசி 4 ஆண்டுகள் இறைமக்களோடு நின்று வேண்டலாம், நற்கருணை மட்டும் கிடையாது. அதன் பிறகே திருவிருந்து. தெரியாமல் ஓர் உயிரைப் போக்கியவனுக்கு 10 ஆண்டுகள்.

போர்வீரனுக்கு? போரில் கொல்வதை நம் முன்னோர் கொலைக் குற்றமாகக் கருதவில்லை என்று பேசில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கேயே நிறுத்தவில்லை. அவர்களின் கைகள் தூய்மையாக இல்லாததால், மூன்று ஆண்டுகளுக்கு நற்கருணை மட்டும் உட்கொள்ளாமல் இருக்கும்படி அறிவுரை கூறுவது நல்லதாக இருக்கலாம் என்கிறார். 'இருக்கலாம்' என்ற அந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவன் குற்றவாளி அல்ல என்று அவருக்குத் தெரியும். அவனை நேராகப் பலிபீடத்திற்கு அழைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

நீதிமன்றம் 'குற்றம் செய்தாயா?' என்று கேட்கும். இல்லை என்றால் வழக்கு முடிந்தது. பேசில் கேட்பது வேறு: உன் கை எப்படி இருக்கிறது? ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கடவுளை நோக்கிக் கதறியதாகத் தொடக்கநூல் சொல்கிறதே, அந்த நம்பிக்கையிலிருந்து வருகிற கேள்வி இது. உயிர் கடவுளுக்குச் சொந்தம். அதை எந்தக் காரணத்திற்காகப் பறித்தாலும், பறித்த கைக்கு ஏதோ நேர்ந்துவிடுகிறது. அதற்கு ஆற்றிக்கொள்ளக் காலம் வேண்டும். ஒறுத்தல் தண்டனையாக அல்ல, மருந்தாகக் கொடுக்கப்பட்டது. இன்று போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் இரவில் தூக்கமின்றித் தவிப்பதைப் பற்றி மருத்துவர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேசில் நினைவுக்கு வருவார்.

இந்த அறிவுரை ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, பத்தாம் நூற்றாண்டில், கான்ஸ்டான்டினோபிளில் ஆண்ட பேரரசர் நிக்கெபோர் போக்காஸ், இஸ்லாமியப் படைகளோடு போரிட்டு இறக்கும் தம் வீரர்களை மறைசாட்சிகள் என்று அறிவிக்கச் சொன்னார். மறைமுதுவர் பொலியூக்துஸ் தலைமையில் ஆயர்கள் மறுத்துவிட்டார்கள். பேசிலின் விதியை எடுத்துக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலகியிருக்க வேண்டியவர்களை மறைசாட்சிகள் என்று எப்படி வணங்குவது? பேரரசர் வெல்ல முடியாத இடம் அது.

மேற்கே என்ன நடந்தது? 1066 அக்டோபர் 14. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே நார்மண்டி கோமகன் வில்லியமின் படையும் மன்னர் ஹெரால்டின் படையும் மோதின. ஹெரால்டு வீழ்ந்தார், வில்லியம் அரசரானார். வில்லியமின் படையெடுப்புக்குத் திருத்தந்தை இரண்டாம் அலெக்சாண்டரின் ஆதரவே இருந்தது. அவர் கொடி அனுப்பினார் என்று வில்லியமின் வரலாற்றை எழுதிய குருவானவர் குறிப்பிடுகிறார். அப்படியானால் வென்றவர்களுக்கு மாலை போட்டுத் தெ தேயும் பாடியிருக்க வேண்டும், இல்லையா?

சில ஆண்டுகளுக்குள் நார்மண்டி ஆயர்கள் அந்த வீரர்களுக்கு ஒறுத்தல் ஆணை ஒன்றை வகுத்தார்கள். திருத்தந்தையின் தூதராக வந்த சியோன் நகர ஆயர் எர்மென்ஃபிரிட் அதை உறுதிப்படுத்தினார். பெரும்போரில் ஓர் ஆளைக் கொன்றதாக அறிந்தவன், ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டு வீதம் தவம் செய்ய வேண்டும். காயப்படுத்தியவன், காயம்பட்டவர் இறந்தாரா பிழைத்தாரா என்று தெரியாவிட்டால், ஆளுக்கு 40 நாள். கொள்ளைப் பொருளுக்காகவே போரிட்டவன் கொலைகாரனுக்குரிய தவம் செய்ய வேண்டும். ஒருவரையும் தொடாமல், ஆனால் தாக்க வேண்டும் என்று மனத்தில் எண்ணியவனுக்கும் 3 நாள் உண்டு. எத்தனை பேரைக் கொன்றோம் என்று எண்ணிக்கை தெரியாதவன், ஆயர் சொல்லும் முறைப்படி, வாரத்தில் ஒரு நாள், வாழ்நாள் முழுவதும் தவம் செய்ய வேண்டும். இயன்றால் ஒரு கோயிலைக் கட்டியோ அதற்கு நிலையான கொடை எழுதிவைத்தோ அதை ஈடுசெய்யலாம்.

அரசர் வில்லியமும் அந்தப் போர்க்களத்திலேயே ஒரு துறவு மடம் கட்டினார். ஹெரால்டு விழுந்த இடத்திலேயே அதன் பலிபீடம் அமைக்கப்பட்டது என்பது மரபு. பணக்காரன் கோயில் கட்டித் தப்பித்துக்கொள்கிறான், ஏழை வீரன் பட்டினி கிடக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் அந்த ஆணையின் உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். தெசலோனிக்காவில் கணக்குக் குறையக் கூடாது என்பதற்காக ஆள்களை எண்ணினார்கள். இங்கே ஒவ்வொரு எதிரியும் கொன்றவனின் வாழ்வில் ஓர் ஆண்டாக எண்ணப்படுகிறான். பெயர் தெரியாத ஆங்கிலேயக் குடியானவன் ஒருவனுக்காக ஒரு நார்மன் வீரன் ஓராண்டு நோன்பிருக்க வேண்டும்.

இனித் தலைகுனிய வேண்டிய பக்கம். ஹேஸ்டிங்ஸ் போருக்கு 30 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் கூட்டிய சங்கத்தில், எருசலேமைக் காக்கப் புறப்பட அழைப்பு விடுக்கப்பட்டது. புகழுக்காகவோ பணத்திற்காகவோ அல்லாமல், பக்தியால் மட்டுமே கடவுளின் திருஅவையை விடுவிக்க எருசலேம் செல்கிறவனுக்கு, அந்தப் பயணமே எல்லா ஒறுத்தலுக்கும் ஈடாகும் என்று சங்கம் விதித்தது. அதுவரை போரிட்டவன் திரும்பி வந்து தவம் செய்தான். இப்போது போருக்குப் போவதே தவமாகிவிட்டது. எதற்கு மருந்து கொடுத்தோமோ அதையே மருந்தாகக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு, 1096-இன் கோடையில், ரைன் ஆற்றங்கரை நகரங்களில் நடந்ததை உர்பான் கேட்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. சிலுவை தரித்த கும்பல்கள் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. தங்கள் பிள்ளைகள் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பெற்றோரே பிள்ளைகளை மாய்த்துத் தாங்களும் மடிந்தார்கள். ஸ்பெயர் நகர ஆயர் ஜான் தம் நகர யூதர்களைப் பெரும்பாலும் காப்பாற்றினார். தாக்கியவர்களைத் தண்டிக்கவும் செய்தார். மைன்ஸ் பேராயர் தம் மாளிகையில் யூதர்களுக்கு இடம் கொடுத்தார், கும்பல் வந்ததும் அவரே ஓடிவிட்டார். 1099 ஜூலை 15 அன்று எருசலேம் வீழ்ந்தபோது நடந்த படுகொலையை உடன்சென்ற கிறிஸ்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில பக்கங்களில் வருத்தம் இல்லை, மகிழ்ச்சி இருக்கிறது. எத்தனை பேர் என்று யாரும் ஒப்புரவுத் தொட்டியில் கேட்காத காலம் அது.

2000-ஆம் ஆண்டு, யூபிலி ஆண்டின் தவக்கால முதல் ஞாயிறு, மார்ச் 12. புனித பேதுரு பெருங்கோயிலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உண்மைக்குப் பணி செய்வதாக எண்ணித் திருஅவையின் பிள்ளைகள் செய்த வன்முறைகளுக்காகவும், இஸ்ரயேல் மக்களுக்கு எதிராகச் செய்த பாவங்களுக்காகவும் வெளிப்படையாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். அவரது கையில் வாள் இருந்ததில்லை. இறந்தவர்களும் கொன்றவர்களும் போய் 900 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ், கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏட்டில் மரண தண்டனை பற்றிய 2267-ஆம் எண்ணை மாற்றி எழுதச் செய்தார். மிகக் கொடிய குற்றம் செய்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை, ஆகவே மரண தண்டனையை ஏற்க இயலாது என்பது இன்று நம் போதனை. பலருக்கு இது கசந்தது. நம் பங்குகளிலும் கசக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கேள்விப்பட்டதும், 'விசாரணை எதுக்கு, சுட்டுத் தள்ளணும்' என்று கோயில் வாசலில் நின்றே பேசுகிறோம். அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் நின்று எனக்கும் மறையுரை வைக்க வராது, வாய் அடைத்துப் போகும். அந்தக் கோபம் தெசலோனிக்காச் செய்தி கேட்ட தியோடோசியுசின் கோபத்தைப் போல அர்த்தமுள்ள கோபம்தான். காயின்மீது யாரும் கை வைக்காதபடி அவனுக்கு அடையாளம் இட்டவரும், ஆபேலின் இரத்தத்தைக் கேட்டவரும் ஒரே கடவுள் என்பதை மட்டும் அப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஹேஸ்டிங்ஸ் ஆணையில் ஒரு பிரிவை இன்னும் சொல்லவில்லை. அது வில் வீரர்களைப் பற்றியது. வாள் வீரனுக்கு யாரை வெட்டினோம் என்று தெரியும், முகத்தையும் பார்த்திருப்பான். வில் வீரன் கூட்டத்தோடு நின்று, ஆணை வந்ததும் மேல் நோக்கி அம்பு விடுகிறான். அது எங்கே போய் விழுந்தது, யார்மீது பாய்ந்தது, யாராவது இறந்தாரா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. 'கொலையா செய்தேன்?' என்று மற்ற எவரையும் விட அவன்தான் உண்மையாகவே கேட்க முடியும். ஆயர்கள் அவனிடம் எண்ணிக்கை கேட்கவில்லை. வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. மூன்று தவக்காலங்கள் ஒறுத்தல் செய்யும்படி அவனுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.